ரிட்டயர்டு ஆகி கோவைக்குக் குடிவந்திருக்கீங்களா? முட்டிக்கு வலிக்காம பார்க்க இவ்வளவு இடம் இருக்கு!

"நான் பேசாம கும்பகோணத்துக்கே போயிடறேன்மா. அம்மா இங்க இருக்கட்டும். எனக்கு இந்த ஊர்ல என்ன வேலை?"

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் அக்கா வீட்டு பால்கனியில் உட்கார்ந்துகொண்டு அப்பா இப்படிச் சொன்னார். கூட்டுறவு வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவர். அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வீட்டைப் பூட்டிவிட்டு கோவைக்கு வந்து ஏழு மாசம் ஆகியிருந்தது. காலையில் பேப்பர், எட்டரைக்குப் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, அப்புறம் மாலை நாலு மணி வரை அதே பேப்பர். கும்பகோணத்தில் இருந்தவரை தினமும் காவிரிப் படித்துறை, மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு நடை, டீக்கடையில் அரை மணி நேரம் என்று இருந்த மனிதர், இங்கே லிஃப்ட்டில் இறங்குவதற்கே யோசித்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. வெயில் குறைவு, தண்ணீர் நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரி வசதி அதிகம் என்று ரிட்டயர்டு ஆனபிறகு கோவையில் குடியேறுபவர்கள் நிறைய. மூத்தவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளும் இங்கே ஏராளம். ஆனால், வீடு மாற்றுவது சுலபம். காலையில் எழுந்ததும் கால் தானாக எங்கே போகும் என்பதை மாற்றுவதுதான் கஷ்டம்.

அதனால் அடுத்த அஞ்சு மாசம், சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா அம்மாவைக் கிளப்பிக்கொண்டு எங்காவது போவது என்று முடிவு செய்தேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் மூன்று. அம்மாவின் முட்டி தாங்க வேண்டும். கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மாலை பேரன் வருவதற்குள், இல்லாவிட்டால் இருட்டுவதற்குள், வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

குளக்கரையில் தொடங்கியது

முதலில் போனது உக்கடம் பெரியகுளம். கோவைக்காரர்கள் இதைப் படித்தால், 'இதெல்லாம் ஒரு இடமா?' என்று சிரிப்பார்கள். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். படி ஏற வேண்டாம், மேடு பள்ளம் இல்லை, உட்கார இடம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். ஒன்பது மணிக்கு மேல் நிழல் கிடையாது, திரும்பிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் சாக்கடை வாடை அடிக்கும். ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் இடமும் உண்டு.

முதல் நாள் அப்பா சுவாரசியமே இல்லாமல்தான் நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஊருக்குப் புதுசுங்ளா?" என்று பேச்சுக்கொடுத்தார். பேச்சு குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதில் போய் நின்றது. நொய்யல் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகிற மாதிரி அந்தக் காலத்திலேயே அமைத்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். டெல்டாக்காரருக்கு வாய்க்கால், மதகு என்று சொன்னால் போதுமே! அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நொய்யல் அப்புறம் எங்கங்க போகுது?"

"கரூர்ப் பக்கம் போயி காவிரியில சேருதுங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா சொன்ன ஒரே வாக்கியம்: "அப்ப இந்தத் தண்ணி நம்ம ஊருக்குத்தான் வருது." நொய்யலில் இப்போது எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, அதில் எவ்வளவு கழிவுநீர் என்பதையெல்லாம் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் போனில் மெர்லின் என்ற ஆப்பை ஏற்றிக்கொடுத்தேன். இலவசம்தான். பறவை கத்தும்போது போனை நீட்டினால், இன்ன பறவை என்று சொல்லும். போட்டோ எடுத்துக் கொடுத்தாலும் கண்டுபிடிக்கும். சில நேரம் தப்பாகவும் சொல்லும், அதைக் கண்டுபிடிப்பதில் அப்பாவுக்குத் தனி சந்தோஷம். கூழைக்கடா, நாமக்கோழி, தாழைக்கோழி, கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா... பெயர் தெரிந்துவிட்டால் பறவை தெரிந்தவர் ஆகிவிடுகிறது. சிங்காநல்லூர் குளமும் இதே மாதிரி பறவைகளுக்கு நல்ல இடம். மரங்கள் அதிகம் என்பதால் எனக்குப் பெரியகுளத்தைவிட அதுதான் பிடித்தது. இந்த ஊரிலிருந்து ஆனைகட்டி போகிற வழியில்தான் சாலிம் அலி பெயரிலான பறவையியல் ஆய்வு மையமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவும் உண்டு. வேளாண் கல்லூரி 1906-ல் கோவைக்கு வந்தது. அந்த வட்டாரத்து மரங்களின் நிழலே சொல்லும் அதன் வயதை. அம்மாவின் ஓட்டு இதற்குத்தான், காரணம் செடிகள். மழை நாளில் வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காவிட்டால், வனக் கல்லூரி வளாகத்தில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மெதுவாகச் சுற்றினால் ஒரு காலைப்பொழுது ஓடிவிடும்.

டவுன் பஸ்ஸே போதும்

நாங்கள் சொதப்பியது கோவைக் குற்றாலத்தில். சாடிவயல் சோதனைச்சாவடி வரை போனபிறகுதான் அன்றைக்கு அருவிக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தது. மலையில் மழை பெய்து தண்ணீர் அதிகமானால் வனத்துறை மூடிவிடும். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். தப்பு என்னுடையதுதான்.

ஆனால் அந்த ஏமாற்றத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. அருவியைவிட அங்கே போகிற வழிதான் பெரியவர்களுக்கு ஏற்றது! காந்திபுரத்திலிருந்து சிறுவாணி பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுங்கள். பேரூர் தாண்டியதும் கட்டடங்கள் குறையும். ஆலாந்துறை வரும்போது பாக்குத் தோப்புகள். அதற்கப்புறம் மலை ஒவ்வொரு வளைவிலும் நெருங்கி வந்து, கடைசியில் கையால் தொடலாம் போல நிற்கும். அருவிக்குப் போனால் வழுக்குப் பாறை, நடை எல்லாம் உண்டு. பஸ்ஸில் அதெல்லாம் இல்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் அம்மாக்களுக்கு டிக்கெட்டும் இல்லை. "எனக்கு மட்டும் காசா?" என்று அப்பா கண்டக்டரிடம் கேட்க, அவர் அம்மாவைப் பார்த்து, "நீங்க பார்த்து உக்காருங்கம்மா, அவசரமில்லீங்க" என்றாரே தவிர, அப்பாவுக்குப் பதில் சொல்லவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிறுவாணி ரோடு, தடாகம், ஆனைகட்டி, மருதமலை அடிவாரம் எல்லாமே யானைகள் நடமாடும் பகுதி. பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிட வேண்டும். 'வாக்கிங்' என்று தனியாக உள்ளே போவது வேண்டவே வேண்டாம்.

பரிசலில் அம்மா

இந்த அஞ்சு மாசத்தில் எது பிடித்தது என்று அம்மாவைக் கேட்டால் பரளிக்காடு என்பார். காரமடை, வெள்ளியங்காடு வழியாக மலையேறி, பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய கிராமம். வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இது. தினமும் கிடையாது, பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது. கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், கடைசிப் பகுதி வளைந்து வளைந்து போகும் மலை ரோடு. மயக்கம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசலைப் பார்த்ததும் அம்மா, "நான் கரையிலயே உக்கார்ந்துக்கறேன்" என்றார். முட்டி மடக்கி உள்ளே இறங்க வேண்டும், அதுதான் பயம். பரிசல் ஓட்டுபவர் ஒன்றும் பேசவில்லை. பரிசலைக் கரையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தன் தோளைக் காட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். லைஃப் ஜாக்கெட் போட்டதும் தன்னை போட்டோ எடுக்கச் சொன்னார்!

தண்ணீரில் இன்ஜின் சத்தம் கிடையாது. துடுப்புச் சத்தம் மட்டும்தான். நாலு பக்கமும் மலை. நடுவில் போனதும் எல்லோரும் தானாகவே பேச்சை நிறுத்திவிட்டோம். கரைக்கு வந்ததும் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. அப்பா ராகிக் களியை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். இது பவானி ஆற்றுத் தண்ணீர், பவானி கூடுதுறையில் காவிரியோடு சேரும் என்று எங்கள் பக்கத்து இலைக்காரருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்ததை நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மலை ரயில், கொஞ்சம் யோசித்து

மேட்டுப்பாளையம் மலை ரயில் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டி வரை போன ரயில். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சக்கரப் பட்டை இருக்கும். இன்ஜின் அதைப் பல்லால் கவ்விக் கவ்வி ஏறும்.

அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் இருக்கை இடுக்கமானது, ஊட்டி வரை சுமார் அஞ்சு மணி நேரம், பெட்டியில் கழிப்பறை கிடையாது. வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஸ்டேஷன்களில் இறங்கித்தான் போக வேண்டும். அதனால் குன்னூரிலேயே இறங்கிவிடுவது புத்திசாலித்தனம். காட்டின் நடுவே போகும் அழகான பகுதி முடிந்திருக்கும், முதுகும் பிழைக்கும். குன்னூரில் 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ்ஸில் இறங்கிவிடலாம். பூங்கா சரிவில் இருக்கிறது. கீழே வரை இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள், நாங்கள் பாதியில் நின்றுவிட்டோம். டிக்கெட்டை நிறைய நாள் முன்னாடியே போட வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் ரத்தாவது சகஜம். 2020-ல் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை ரயிலில் திரும்ப வரவில்லை என்று அப்பா இன்னமும் புலம்புகிறார். சொந்தக் காரில் நீலகிரி போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் போனால் ஆழியாறு அணைப் பூங்கா, அதைத் தாண்டிய காடுகள் என்று ஒரு நாள் போதாது. நாங்கள் டாப்சிலிப் மட்டும் போனோம். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம், அதனால் அந்தப் பெயர். அங்கே ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. மொட்டையாகிவிட்ட காட்டில் தேக்கை மறுபடி வளர்த்தவர். பை நிறைய விதைகளோடு நடந்து, கைத்தடியால் குழி குத்திப் போட்டுக்கொண்டே போவார் என்று அங்கே சொல்கிறார்கள். ரிட்டயர்டு ஆனபிறகு குன்னூரில் இருந்தார். 1933-ல் இறந்ததும், அவர் விருப்பப்படியே அந்த மரங்களுக்கு நடுவில் கொண்டுவந்து புதைத்தார்கள். கல்லறையில் இருக்கும் லத்தீன் வாசகத்துக்கு, என் நினைவிடத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்று பொருள். அப்பா சுற்றிலும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கைப்பையில் என்ன?

அனுபவத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் மதிய மாத்திரையைத்தான் மறந்தோம், அதை முதலில் வையுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு கடலை மிட்டாயோ பிஸ்கட்டோ கையில் இருக்கட்டும். குரங்கு கண்ணில் படாமல் சாப்பிட வேண்டும். தண்ணீரை வீட்டு பாட்டிலில் கொண்டுபோங்கள், நீலகிரிக்கு பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகத் தடை. குடையே ஊன்றுகோலாகவும் இருக்கிற மாதிரி நீளமாக வாங்கினால் இரண்டு வேலை முடியும். ஒரு நாளைக்கு ஒரே இடம். 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், அதையும் பார்த்துட்டுப் போயிடலாம்' என்று சொல்கிற ஆள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், எங்கள் வீட்டில் நான்தான். அன்றைக்கு ராத்திரி அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் சொல்வதில்லை.

தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். மொட்டைமாடியிலிருந்துகூடச் செய்யலாம். இந்தத் தடவை அப்பா பேரனைக் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூர் போனார். இரண்டு பேருக்கும் எண்ணிக்கையில் சண்டை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக அப்பா கும்பகோணம் போயிருந்தார். "ஒரு பத்து நாள் இருந்துட்டு வாங்கப்பா, வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றேன்.

"இல்லம்மா. சனிக்கிழமை ஜன் சதாப்தியில டிக்கெட் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில குளத்துக்கு வர்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

எவர் என்று கேட்டேன். அந்த பெஞ்சுப் பெரியவர்தானாம்.