சுத்திகரிப்புத் திரவம் இட்டபின் நடுங்கும் எஞ்சின்: பழுதைக் கண்டறிதல்

மாணவர்களே, பின்வரும் வினாவை முதலில் வாசிக்குக.

"நான்கு உருளைகளைக் கொண்ட பெற்றோல் கார் ஒன்றின் உரிமையாளர், எரிபொருள் தாங்கியினுள் எஞ்சின் சுத்திகரிப்புத் திரவம் ஒரு போத்தலை ஊற்றினார். மறுநாள் கார் ஓடாது நிற்கையில் எஞ்சின் நடுங்கியது. ஏற்றத்தில் இழுவை குறைந்தது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. இதற்கான காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?"

"திரவம் எஞ்சினைப் பழுதாக்கிவிட்டது" என்று பலர் உடனே எழுதிவிடுவர். இது விடையன்று, ஊகம். காரணம் யாது என்று வினா கேட்கவில்லை. எவ்வாறு கண்டறிவீர் என்றே கேட்கிறது. ஒன்றன்பின் மற்றொன்று நடந்தது என்பதால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. வாடகைக்கு ஓடும் காரொன்றில் இது வெறும் தர்க்கப் பிரச்சினையுமன்று. ஒரு கொயில் பழுதான காருக்கு எஞ்சினைக் கழற்றினால் பணமும் போகும், ஹயரும் நிற்கும், பூட்டிய பின்னர் நடுக்கமும் அப்படியே இருக்கும்.

இத்திரவம் என்ன செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம். பெற்றோலின் ஆவியாகாத கூறுகள் வெப்பத்தினால் பிசின்போல இறுகி, இன்ஜெக்டரின் நுண்துளைகளிலும் உள்ளெடுத்தல் வால்வுகளிலும் படிகின்றன. தரமான சுத்திகரிப்புத் திரவங்கள் பலவற்றில் பொலியீதர் அமீன் எனும் சேர்வை உண்டு. அதன் மூலக்கூறில் நைதரசன் உள்ள பகுதி படிவைப் பற்றிக்கொள்ள, எஞ்சிய பகுதி பெற்றோலில் கரைந்து நிற்கும். சவர்க்காரம் எண்ணெய் அழுக்கை அகற்றும் விதத்தை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். ஏறத்தாழ அதே வேலைதான் இங்கும் நடைபெறுகிறது. உருளையினுள் நேரடியாகப் பெற்றோல் பாய்ச்சும் எஞ்சின்களில் பெற்றோல் உள்ளெடுத்தல் வால்வைத் தொடுவதேயில்லை. ஆகவே தாங்கியில் ஊற்றும் திரவம் அவ்வால்வைச் சுத்தம் செய்யாது.

இதற்கு எல்லையும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணத்தில் வாகனங்கள் சிறிதளவு பெற்றோலில் ஸ்ரார்ட் செய்யப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. எனவே தகனம் நிறைவுறாமல் கரி தடிப்பாகப் படியும். அத்தகைய கரியை ஹெட்டைக் கழற்றிச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். போத்தல் திரவம் போதாது.

இனித் திரவத்தினால் கோளாறு ஏற்பட இடமுண்டா? உண்டு. தாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்கையில் முழுப் போத்தலையும் ஊற்றினால் செறிவு கூடி, தகனம் சீர்கெடும். கழன்ற படிவு இன்ஜெக்டரை அடைக்கவும் கூடும். தாங்கியில் ஊற்றாமல் வளி செல்லும் வழியே விசிறும் திரவங்களில் வேறு இரு அபாயங்கள் உள்ளன. விசிறுவதற்காகக் கழற்றிய குழாயைச் சரியாகப் பூட்டாவிட்டால் அளவிடப்படாத வளி உள்ளே புகுந்து கலவை ஐதாகும். திரவத்தை அளவுக்கு மீறிச் செலுத்தினால் அது உருளையினுள் தேங்கும். திரவங்களை நெருக்க முடியாது என்பதால் நெருக்கல் அடிப்பின்போது இணைப்புத் தண்டே வளைந்துவிடலாம். விசிறிய பின் சற்று நேரம் வெண்புகை வருவது மட்டும் பழுதின் அறிகுறியன்று.

ஆனால் பழுது காண்பவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி வேறு: உரிமையாளர் அத்திரவத்தை ஏன் வாங்கினார்? நன்றாக ஓடும் காருக்கு இதை வாங்குவோர் சிலரே. பெரும்பாலும் எஞ்சினில் ஏதோ குறை தெரிந்த பின்னரே போத்தல் வீட்டுக்கு வருகிறது. அப்படியாயின் நோய் முந்தியது, மருந்து பிந்தியது. அன்றைய தினம் வேறு எங்காவது பெற்றோல் நிரப்பினாரா என்பதையும் கேட்க வேண்டும். பெற்றோலில் நீர் கலந்துள்ளதெனச் சந்தேகித்தால், தீ அணுகாத இடத்தில் மாதிரி எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் வைத்தால் போதும். நீரின் அடர்த்தி கூடியதாகையால் அது அடியில் தங்கும்.

அடுத்துக் கண்ணால் பார்த்தல்: கழன்ற குழாய், பூட்டாத மின்னிணைப்பு, அடைத்த வளிவடி. இவற்றுக்குச் செலவில்லை.

எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னி எரிந்தால் காரை ஓட்டவே கூடாது. எரியாத பெற்றோல் வெளியேறி ஊக்கல் மாற்றியினுள் எரிவதால், அதன் உட்பகுதி உருகிப் பழுதாகிவிடும். அது விலை கூடிய பாகம். விளக்கு நிலையாக எரிந்தால் ஸ்கானரைப் பூட்டிக் குறியீட்டை வாசிக்கலாம். 'பீ 0301' எனக் காட்டினால் 1ஆம் உருளையில் எரிபற்றல் தவறுகிறது என்பது பொருள். கடைசி இலக்கம் உருளையைக் குறிக்கும். 'பீ 0300' எனின் குறித்த ஓர் உருளை என்றில்லாமல் தவறுகிறது. அப்போது பெற்றோல், வளிக்கசிவு போன்ற பொதுக் காரணங்களையே முதலில் தேட வேண்டும். எந்தப் பாகம் பழுது என்பதை ஸ்கானர் சொல்லாது. இதை மறந்துவிட்டுப் பாகங்களை வாங்குவோர் அநேகர்.

பாகத்தைக் கண்டறிவதற்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. 1ஆம் உருளையின் கொயிலைக் கழற்றி 3ஆம் உருளையில் பூட்டுக. 3ஆவதை 1இல் பூட்டுக. குறியீட்டை அழித்துவிட்டுக் காரை ஓட்டிப் பார்க்குக. இப்போது 'பீ 0303' வந்தால் பழுது கொயிலுடன் இடம்பெயர்ந்துவிட்டது. எனவே கொயிலே பழுது. மீண்டும் 'பீ 0301' வந்தால் கொயில் குற்றமற்றது. அடுத்ததாகப் பிளக்கை மட்டும் மாற்றுக. கொயிலையும் பிளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. ஒரு காரணியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாமல் வைத்திருக்கும் பரிசோதனை முறை இதுவே. விடையில் எதை மாற்றினீர், எதை மாற்றாமல் வைத்தீர் என்பதைக் கட்டாயம் எழுதுக.

பிளக்கைக் கழற்றும்போது அதன் முனையை அவதானிக்குக. இளங்கபிலம் எனில் தகனம் நன்று. உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் கூடிய கலவை. பெற்றோலில் நனைந்திருப்பின் தீப்பொறி விழவில்லை எனலாம். ஏற்றத்தில் இழுவை குறைவதற்கும் தொடர்பு உண்டு. சுமை கூடும்போது உருளையினுள் அமுக்கம் கூடுவதால், பிளக்கின் இடைவெளியில் பொறி பாயக் கூடிய அழுத்தவேறுபாடு வேண்டும். நலிந்த கொயில் அங்கேதான் தோற்றுப்போகிறது.

கொயில், பிளக் இரண்டும் நன்றெனில் நெருக்கல் அமுக்கத்தை அளந்து உருளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவர். அதன் பின்னரே இன்ஜெக்டர். திரவத்தின் செறிவே காரணம் எனச் சந்தேகித்தால் தாங்கியைப் புதுப் பெற்றோலால் நிரப்புக. செறிவு குறைய நடுக்கமும் குறைந்தால் ஊகத்துக்குச் சான்று கிடைக்கிறது.

பயிற்சி வினா: காரொன்றில் 'பீ 0302' காட்டுகிறது. 2ஆம், 4ஆம் உருளைகளின் கொயில்களை மாற்றிய பின்னரும், அடுத்துப் பிளக்குகளை மாற்றிய பின்னரும் குறியீடு மாறவில்லை. நான்கு உருளைகளிலும் நெருக்கல் அமுக்கம் சமம். அடுத்துச் சோதிக்கவேண்டிய பாகம் யாது? கொயிலும் பிளக்கும் நெருக்கலும் விலக்கப்பட்டதற்கான காரணங்களைத் தனித்தனியே தருக.