கப்பல் போன துறையில் நீருக்கு என்ன வேலை?

லண்டன் மாநகரின் கிழக்கே தேம்ஸ் ஆறு பெரிய வளைவுகளாக வளைந்து செல்கிறது. அவ்வளைவுகளின் கரையில் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றின் காலடியில், நாற்புறமும் சுவர் எழுப்பிய அகன்ற நீர்நிலைகள் அசைவின்றிக் கிடக்கின்றன. அழகுக்காக வெட்டிய குளங்கள் என்றே புதிதாகக் காண்போர் எண்ணுவர். உண்மையில் அவை உலகின் பல திசைகளிலிருந்தும் சரக்குக் கப்பல்கள் வந்து தங்கிய துறைகள். அக்கப்பல்கள் வருவது நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அப்படியிருக்க, இவ்வளவு விலையுயர்ந்த நகர நிலத்தில் இந்த நீரை ஏன் இன்னும் தேக்கி வைத்திருக்கிறார்கள்? மாணவப் பருவம் முதல் இன்றுவரை என்னைக் கவர்ந்துவரும் வினா இது. விடையின் ஒரு பகுதி நம் பள்ளி இயற்பியல் நூலிலேயே இருக்கிறது.

ஓதமும் துறையும்

முதலில், இத்துறைகள் ஏன் தோன்றின என்று பார்ப்போம். தேம்ஸ் ஆற்றில் கடலின் ஓதம் லண்டன் பாலத்தையும் தாண்டி ஏறுகிறது. லண்டன் பாலத்தருகே, ஓதம் மிகுந்த நாள்களில், நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் ஏறி இறங்கும். இது நாள்தோறும் இருமுறை நிகழ்வது. கரையோரம் கட்டிய கப்பல், நீர் வடிந்ததும் சேற்றில் அமர்ந்துவிடும். சரக்கை இறக்குவது பெரும்பாடு.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. கரைக்கு உட்புறமாக ஆழமான தொட்டி ஒன்றை வெட்டி, அதை ஆற்றுடன் இணைக்கும் வாயிலில் இரு கதவுகள் கொண்ட ஓர் அறையை அமைத்தனர். கப்பல் அறைக்குள் நுழைந்ததும் பின் கதவை மூடுவர். அறையின் நீர்மட்டத்தைத் துறையின் மட்டத்துக்குச் சமமாக்கிய பின் முன் கதவைத் திறப்பர். வெளியே ஆறு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே மட்டம் பெரிதும் மாறாது. இவ்வகையில் 1802-இல் மேற்கிந்தியத் துறையும், 1806-இல் கிழக்கிந்தியத் துறையும் திறக்கப்பட்டன. நம் நாட்டுச் சரக்குகளை ஏற்றிச் சென்ற கம்பெனிக் கப்பல்கள் தங்கியது பின்னதில்தான். வரிசையில் கடைசியான ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் துறை 1921-இல் திறக்கப்பட்டது.

ஒரு பெட்டி செய்த மாற்றம்

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தழைத்த இத்துறைகளை வீழ்த்தியது ஓர் இரும்புப் பெட்டி எனலாம். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாகத் தொழிலாளர் தோளிலும் வண்டியிலும் ஏற்றி இறக்கிய சரக்கு, இனி முழுப் பெட்டியாகவே பாரந்தூக்கியில் ஏறி இறங்கியது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பெட்டிக் கப்பல்களோ ஆண்டுக்காண்டு பெருத்தன. பழைய வாயில்களுக்குள் அவை நுழைய இயலவில்லை. பெட்டிகளை அடுக்கப் பரந்த இடமும் அங்கில்லை. வாணிபம் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள டில்பரி முதலிய இடங்களுக்கு நகர்ந்தது. கிழக்கிந்தியத் துறை 1967-இலும், மேற்கிந்தியத் துறை 1980-இலும், அரச துறைகள் 1981-இலும் மூடப்பட்டன.

சுவரைத் தாங்கும் நீர்

மூடிய துறையின் நீரை இறைத்துவிட்டால் நிலம் கிடைக்குமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல்.

ஒரு துறையில் நீரின் ஆழம் 8 மீட்டர் என்று கொள்வோம். மேற்பரப்பில் நீரால் ஏற்படும் அழுத்தம் சுழி. அடித்தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 8 டன் எடை. சராசரி 4 டன். எனவே, 1 மீட்டர் நீளமுள்ள சுவரின் மீது நீர் செலுத்தும் விசை 4 × 8 = 32 டன் எடைக்குச் சமம். சுவரின் மறுபுறத்தில் ஈரமண் எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது. நீரை விரைவாக இறைத்தால் இந்த 32 டன் ஆதரவு மறைந்துவிடும். மண்ணில் ஊறியுள்ள நீரோ அவ்வளவு விரைவில் வடியாது. அப்போது சுவர் உட்புறமாகச் சாயக்கூடும். மேற்கிந்தியத் துறையின் பழைய செங்கற்சுவர் குறுக்குவெட்டில் வளைந்திருப்பதால் அதனை ‘வாழைப்பழச் சுவர்’ என்பர். அது இன்று சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னம்.

இக்கணக்கில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துறையின் அகலம் அதில் எங்கும் வரவில்லை! நீரின் அகலம் 150 மீட்டராயினும் 10 மீட்டராயினும், ஆழம் மாறாதவரை சுவர் பெறும் ஆதரவு ஒன்றே. அதனால்தான் கட்டடங்கள் பழைய கரையைத் தாண்டி நீருக்குள் கால் ஊன்றினாலும், சுவரை ஒட்டி எஞ்சிய நீர் தன் வேலையைச் செய்கிறது.

கேனரி வார்ஃப் பகுதியில் 2022-இல் திறந்த எலிசபெத் பாதை ரயில் நிலையம் இதற்குத் தக்க சான்று. துறையின் ஒரு பகுதியை மட்டும் எஃகுத் தூண்களை நெருக்கமாக அடித்து வளைத்தனர். உள்ளே அடைபட்ட ஏறத்தாழ 10 கோடி லிட்டர் நீரை இறைத்தனர். வெளியே நீர் நின்றவாறே நிற்க, உள்ளே நிலையம் எழுந்தது.

யாருக்கு மறுவாழ்வு?

துறைப்பகுதியைப் புதுப்பிக்க 1981-இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. 1987-இல் இலகு ரயிலும், அரச துறைகளின் நடுவே விமான நிலையமும் வந்தன. 1991-இல் 50 மாடிகளும் 235 மீட்டர் உயரமும் கொண்ட கோபுரம் எழுந்தது. மறு ஆண்டே அதைக் கட்டிய நிறுவனம் நொடித்துப்போயிற்று. ஆயினும் பணி தொடர்ந்தது. 1998-இல் கழகம் கலைக்கப்பட்டபோது அங்கு வாழ்வோர் தொகை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது.

எண்ணிக்கையில் இது வெற்றியே. ஆனால் புதிய வேலைகளில் பெரும்பகுதி வங்கி, நிதி, செய்தித்துறை சார்ந்தவை. மூட்டை சுமந்தவருக்கும் பாரந்தூக்கி இயக்கியவருக்கும் அவை எளிதில் எட்டவில்லை. அரச துறைகளை ஒட்டி வாழ்ந்த மக்கள், விமான நிலையம் வேண்டாம், வேலையும் வீடும் வேண்டும் என்று 1983-இல் தாங்களே ‘மக்கள் திட்டம்’ ஒன்றை வகுத்து வெளியிட்டனர். விமான நிலையமே வென்றது.

ஒரு துறையை மாற்றுமுன் பொறியாளர், எதை எடுத்தால் எது சாயும் என்று கணக்கிடுகிறார். அந்தக் கணக்கில் நீருக்கு இடம் இருந்தது. ஆகவே இருநூறு ஆண்டுச் சுவர் இன்றும் நிற்கிறது. துறையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அத்தகைய கணக்கை யாரும் முன்கூட்டிப் போடவில்லை. பழைய துறைமுகத்தையோ ஆலை நிலத்தையோ புதுப்பிக்க முனையும் எந்த நகரமும் இவ்விரு கணக்குகளையும் சேர்த்தே போட வேண்டும்.