நிழலும் இருக்கையும் எமக்கு வேண்டும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் எம் பெண்கள் பலருக்கு முற்றம் என்பது பழைய நினைவு. ஊரில் வேப்பமர நிழலில் இருந்து மனத்துயரைச் சொல்லி அழலாம், அயலவர் கேட்பார்கள். 1995இல் இடம்பெயர்ந்து வந்த எனக்கு இங்கு கிடைத்தது நான்கு சுவரும் ஒரு யன்னலும்தான். கடற்கரை அருகில் இருந்தும், சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தோம்.

ஆகவே, பூங்கா வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1859இல் காலிமுகத்திடல் நடைபாதையை நிறைவுசெய்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்வெட்டில் கேட்டுக்கொண்டார். 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்பைப் பூங்கா நகராக்கத் திட்டம் வரைந்தார்.

ஆனால் புல்வெளியின் பரப்பளவு மட்டும் போதாது. சாய்ந்திருக்க இருக்கை, சுத்தமான மலசலகூடம், மாலையில் வெளிச்சம், தமிழிலும் அறிவிப்புப் பலகை, பழகிய மரம் ஆகியவை இருந்தால்தான் அந்த இடம் எம்முடையதாகிறது. கொட்டாஞ்சேனையில் நெருக்கமாக வாழ்வோருக்கு, நடந்துபோகும் தூரத்திலுள்ள சிறிய நிழலே பெரிது.

சகோதரிகளே, நாலைந்து பேர் சேர்ந்து அருகிலுள்ள பூங்காவைப் போய்ப் பாருங்கள். குறைகளைக் குறித்து மாநகர சபைக்கு எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு எமக்கு உரிமை தந்துள்ளது. கடிதத்தின் பிரதியொன்றை வைத்திருக்க மறவாதீர்கள்.