மின்னிசைப் பெட்டிகள் – 12: மெமரி இல்லாத ஜூனோ

போன வாரம் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் மூன்றும் சேர்ந்து ஓர் ஒலியை எப்படி உருவாக்குகின்றன என்று பார்த்தோம். படித்ததைக் கையால் செய்து பார்க்க ஒரு பழைய அனலாக் சிந்தசைசர் வேண்டும், ஆனால் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் எதை வாங்குவது? என் பதில், ரோலண்ட் ஜூனோ-6. ஜூனோ-60, ஜூனோ-106 என்று அதற்குப் பின் வந்தவை இருக்கும்போது ஒலிகளைச் சேமிக்கும் மெமரியும், பிற கருவிகளோடு இணைக்கும் மிடியும் இல்லாத மூத்ததை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மெமரி இல்லாததால்தான் சந்தையில் அறுபதைவிட அது குறைந்த விலைக்குப் போகிறது. ஒலியை உருவாக்கக் கற்றுக்கொள்ள வருபவருக்கோ மெமரியும் மிடியும் தேவைப்படுவதில்லை.

ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை வாசிக்கக்கூடிய அனலாக் கருவி ஒரு காலத்தில் வசதியான ஸ்டூடியோக்களின் சொத்தாக இருந்தது. 1978-ல் வந்த ப்ராஃபெட்-5 ஏறக்குறைய 4,000 டாலர். 1981-ல் கோர்க் நிறுவனம் பாலிசிக்ஸை 2,000 டாலருக்குள் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ரோலண்ட் ஜூனோ-6-ஐ இறக்கியது. கொஞ்ச நாளிலேயே 56 ஒலிகளைச் சேமித்து வைக்கும் ஜூனோ-60 வந்துவிட்டதால் ஆறு பின்னுக்குப் போனது. 1984-ல் வந்த ஜூனோ-106-ல் மெமரி 128 ஆனது, மிடியும் சேர்ந்தது.

விலையைக் குறைக்க ரோலண்ட் பல இடங்களில் கைவைத்தது. ஆறு வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம்), ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆசிலேட்டர், ஒரே என்வலப். அந்த ஆசிலேட்டரும் டிசிஓ வகை. அலை அனலாக்தான், ஆனால் அது எவ்வளவு வேகமாக அதிர வேண்டும் என்பதை ஒரு டிஜிட்டல் கடிகாரம் முடிவு செய்கிறது. அதனால் சூடு ஏறினாலும் சுருதி நகராது. முழுக்க வோல்டேஜை நம்பியிருக்கும் பழைய ஆசிலேட்டர்கள் வெப்பநிலை மாறினால் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், சூடேறி நிலைக்கும்வரை காத்திருந்து திரும்பச் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் வாசிப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரே ஆசிலேட்டர் என்றால் ஒலி மெலிந்து கேட்கும் என்பதற்காகக் கடைசியில் ஒரு ஸ்டீரியோ கோரஸ் வைத்தார்கள். ஜூனோவின் புகழில் பாதி அந்தக் கோரஸால் வந்தது.

முகப்பைப் பாருங்கள். இடமிருந்து வலமாக எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைப்பது), டிசிஓ, ஹைபாஸ் ஃபில்டர், லோபாஸ் ஃபில்டர், விசிஏ (ஒலியின் அளவு), என்வலப், கோரஸ். மின்சாரம் உள்ளே போகும் வழியே ஏறக்குறைய அப்படியே வெளியே வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்லைடருக்கு ஒரு வேலை. சாடூத் அலையை ஆன் செய்து லோபாஸ் ஃபில்டரின் கட்ஆஃபைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், ஒலி மங்கும். ஃபில்டர் பகுதியில் என்வலப் ஸ்லைடரை ஏற்றுங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் வெளிச்சமாகத் தொடங்கி மங்கலில் முடியும். என்வலப்பின் அட்டாக்கை மேலே தள்ளினால் அதே ஒலி வயலின் கூட்டம்போல மெதுவாக எழும். இடது கை ஸ்வரத்தைப் பிடித்திருக்க வலது கை இதையெல்லாம் செய்துகொண்டே போகலாம். இந்த வசதிக்காகத்தான் பழைய அனலாக்கைத் தேடுகிறோம்.

1983-ல் யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கருவி வந்த காலத்தையொட்டி இந்த வசதி கருவிகளைவிட்டுப் போனது. பட்டனை அழுத்தி ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஸ்லைடரால் அதை மாற்று என்பதுதான் புது வழக்கம். அனலாக் கருவிகளும் அதே வழியில்தான் போயின. பாலிசிக்ஸுக்கு அடுத்து வந்த பாலி-61-ல் குமிழ்கள் போய்ப் பட்டன்கள் வந்தன. ரோலண்ட் ஜேஎக்ஸ்-3பி-யை முழுதாகக் கையால் இயக்க பிஜி-200 என்ற பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் வந்த ஆல்ஃபா ஜூனோவில் எல்லாவற்றுக்கும் ஒரே சக்கரம், அதற்கும் பிஜி-300 தனி. இவை எதுவும் மோசமான கருவி இல்லை, ஜேஎக்ஸ்-3பி-யின் ஒலி எனக்குப் பிடிக்கும். ஆனால் கையால் இயக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இவற்றின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். தனிப்பெட்டியின் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள், மலிவு எங்கே போனதென்று தெரியும்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். 1986-ல், ஊரே பட்டனுக்கு மாறிய பிறகு, ஆக்காய் நிறுவனம் முகப்பு முழுக்க ஸ்லைடர் வைத்து ஏஎக்ஸ்60 செய்தது. அதுவும் ஆறு வாய்ஸ். பெயர் பிரபலமாகாததால் ஜூனோ அளவுக்கு விலை ஏறவில்லை. நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

மெமரி இல்லாததில் இன்னொரு லாபம், பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். பாலிசிக்ஸில் ஒலிகளைக் காப்பாற்ற உள்ளே போர்டின்மேலேயே ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வருடங்கள் போனால் அது கசியும். கசிந்த காரம் பச்சைப் போர்டில் பரவி, செப்புத் தடங்களை அரித்து, அருகிலுள்ள ஐசி கால்களையும் தின்றுவிடும். பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாது, அறுந்த தடங்களை ஒவ்வொன்றாக ஒயர் வைத்து இணைக்க வேண்டும். பாலிசிக்ஸ் வாங்கப்போனால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஜூனோ-6-ல் காப்பாற்ற மெமரி இல்லை, அதனால் கசியப் பேட்டரியும் இல்லை.

106-ன் நோய் வேறு. ஒவ்வொரு வாய்ஸின் ஃபில்டரும் விசிஏவும் 80017ஏ என்ற ஒரே சிப்புக்குள் இருக்கின்றன. அதன்மேல் பூசிய கறுப்புப் பிசின் வயதாக ஆக மின்சாரத்தைக் கசியவிடும். வாய்ஸ் கரகரக்கும், பிறகு ஊமையாகும். அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரிப்பவர்கள் இருக்கிறார்கள், புதிதாகச் செய்த மாற்றுச் சிப்புகளும் கிடைக்கின்றன. ஆறும் மாற்றப்பட்ட 106 என்றால் தைரியமாக வாங்கலாம். மாற்றாதது என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எந்த ஆறு-வாய்ஸ் கருவியானாலும் சோதிக்க இரண்டு கையும் காதும் போதும். கோரஸை அணையுங்கள். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி இரண்டாவதை, மூன்றாவதைச் சேர்த்துக்கொண்டே போய் ஆறு கட்டைகளையும் பிடியுங்கள். சேரும்போது ஏதாவது ஒன்று மௌனமாக இருந்தால் அந்த வாய்ஸ் செத்திருக்கிறது. ஒன்று மட்டும் மங்கியோ கூர்மையாகவோ கேட்டால் அதன் ஃபில்டரைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பிறகு ஒவ்வொரு ஸ்லைடரையும் முழு நீளத்துக்கு நகர்த்துங்கள். கரகரப்பு தூசியால் என்றால் கான்டாக்ட் கிளீனர் போதும். நகர்த்தியும் மாற்றமே இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்க்காமல் பிளக்கில் செருகவே கூடாது. ஜப்பான் சந்தைக்காகச் செய்தது 100 வோல்ட், நம் வீட்டில் வருவது 230. பொருத்தமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கருவி வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் விளம்பரத்தில் பார்த்த விலை நிற்காது, அதையும் முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

கருவி வீட்டுக்கு வந்ததும் முதல் சில வாரங்கள் கோரஸ் பட்டனைத் தொடாதீர்கள். அது எந்த ஒலியையும் அழகாக்கிவிடும், ஃபில்டரில் நீங்கள் செய்தது சரியா தவறா என்று காதுக்குத் தெரியாமல் போகும். பிடித்த ஒலி அமைந்தால் ஸ்லைடர்கள் நிற்கும் இடத்தை ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். மறுநாள் அதைப் பார்க்காமல், காதால் மட்டும் திரும்பக் கொண்டுவர முயலுங்கள்.

(அடுத்த வாரம்: ஒரே வாய்ஸ் போதும் என்பவர்களுக்கு எஸ்ஹெச்-101)