மின்தொகுப்பேடும் மாணவரின் மீள்நோக்கும்

பொதுத்தேர்வு எழுதும் மாணவர் ஓராண்டு முழுவதும் கற்றவற்றை மூன்று மணி நேரத்தில் தாளில் எழுதிக் கொடுக்கிறார். அந்த விடைத்தாள் வழக்கமாக அவரிடம் திரும்பி வருவதில்லை. மதிப்பெண் மட்டுமே வருகிறது. எந்த இடத்தில் தவறு நேர்ந்தது, அத்தவறு எந்த எண்ணத்தினால் விளைந்தது, அதை எவ்வாறு திருத்திக் கொள்ளலாம் என்பவற்றை மதிப்பெண் தெரிவிப்பதில்லை. மாணவரின் தகுதியை அளப்பதற்குத் தேர்வு பயன்படலாம். ஆனால் மாணவர் தம்முடைய கற்றலைத் தாமே கண்டுணர்வதற்கு வேறொரு கருவி தேவைப்படுகிறது. அத்தகைய கருவிகளுள் ஒன்று தொகுப்பேடு. அது கணினியிலோ கைப்பேசியிலோ பேணப்படும்போது மின்தொகுப்பேடு எனப்படுகிறது. கல்லூரிகளில் போர்ட்ஃபோலியோ என்ற பெயராலும் இது வழங்கி வருகிறது.

பழைய எண்ணம், புதிய வடிவம்

மாணவரை ஒரே தேர்வைக் கொண்டு மதிப்பிடுதல் கூடாது என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, ஒவ்வொரு மாணவருக்கும் முறையான பள்ளிப் பதிவேடு பேணப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு அகமதிப்பீட்டின் தேவையை வலியுறுத்தியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் குறிக்கோளாகக் கொண்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வியில் அதனைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதற்கு மேலும் ஒரு படி சென்றது. ஆசிரியரின் மதிப்பீட்டுடன் மாணவரின் தன்மதிப்பீடும், உடன் பயில்வோரின் மதிப்பீடும் இடம்பெறும் முழுமையான முன்னேற்ற அட்டையை அது பரிந்துரைத்தது. 2023இல் நிறுவப்பட்ட ‘பரக்’ என்னும் தேசிய மதிப்பீட்டு மையம் பள்ளிக் கல்வியின் பல்வேறு நிலைகளுக்கு இவ்வட்டையை வடிவமைத்துள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் முதன்மைப் பாடங்களில், பத்தாம் வகுப்பின் 100 மதிப்பெண்களில் 20 அகமதிப்பீட்டுக்கு உரியவை. அவற்றுள் 5 மதிப்பெண் தொகுப்பேட்டுக்கென 2019-20ஆம் கல்வியாண்டு முதல் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே தொகுப்பேடு பள்ளிக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அது கற்றலுக்கு உதவும் வகையில் வந்திருக்கிறதா என்பதே இப்போது ஆராய வேண்டிய கேள்வி.

தொகுப்பேடு என்பது யாது?

மாணவர் எழுதிய எல்லாத் தாள்களையும் ஒன்றாகக் கட்டி வைப்பது தொகுப்பேடு ஆகாது. அது கிடங்கு. சான்றிதழ்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் மின்வடிவில் காப்பதற்கு 2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் உள்ளது. உயர்கல்வியில் மாணவர் ஈட்டும் தகுதிப்புள்ளிகளைச் சேமித்து வைக்க 2021இல் ஏற்பட்ட தகுதிப்புள்ளி வங்கி உள்ளது. இவை கற்றலின் முடிவைக் காப்பவை. தொகுப்பேடு அந்த முடிவுக்கு மாணவர் வந்து சேர்ந்த வழியைக் காட்டுவது.

அதன் பணி நான்கு படிகளாக நடைபெறுகிறது. முதலாவது, சேகரித்தல். கட்டுரை, கணக்கு, ஆய்வுக்கூடக் குறிப்பு, வரைபடம், பேச்சின் ஒலிப்பதிவு ஆகியன திரட்டப்படுகின்றன. இரண்டாவது, தேர்ந்தெடுத்தல். திரட்டியவற்றுள் எது தம் கற்றலைக் காட்டுகிறது என்பதை மாணவரே முடிவு செய்கிறார். மூன்றாவது, மீள்நோக்கு. தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்து அதைப் பற்றிச் சில வரிகள் எழுதுகிறார். நான்காவது, உரையாடல். ஆசிரியர் அதைப் படித்து மறுமொழி தருகிறார். மாணவர் அடுத்த பணியில் அதைப் பயன்படுத்திக் கொள்கிறார். சேகரித்தலைக் கருவியே செய்து விடும். எஞ்சிய மூன்றையும் மனிதர்தாம் செய்ய வேண்டும்.

மீள்நோக்கு எவ்வாறு கற்பிக்கிறது?

அனுபவம் மட்டுமே கல்வி ஆகிவிடாது. அனுபவத்தைக் கவனத்துடன் ஆராயும்போதே அது அறிவாகிறது என்னும் கருத்தைக் கல்விச் சிந்தனையில் வலுவாக நிலைநாட்டியவர் அமெரிக்க அறிஞர் ஜான் டூயி. அவர் இப்பொருள் பற்றி எழுதிய நூல் 1910இல் வெளிவந்தது. பின்னர் டொனால்டு ஷோன் 1983இல் வெளியிட்ட நூலில், தேர்ந்த தொழில் வல்லுநர்கள் பணியின் நடுவிலும் பணி முடிந்த பின்னும் தம் செயலை ஆராய்ந்தே திறமை பெறுகின்றனர் என்பதை விளக்கினார்.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் தெளிவாக்கலாம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1/2 உடன் 1/3ஐக் கூட்டி 2/5 என்று விடை எழுதுகிறாள் என்று கொள்வோம். ஆசிரியர் சிவப்பு மையால் தவறு என்று குறியிட்டுச் சரியான விடையாகிய 5/6ஐ எழுதுகிறார். மாணவி அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறாள். அடுத்த மாதம் அதே தவறு மீண்டும் நிகழலாம். ஏனெனில் விடை திருத்தப்பட்டதே தவிர எண்ணம் திருத்தப்படவில்லை.

இதற்கு மாறாக, தவறிய கணக்கையே தொகுப்பேட்டில் வைத்து, இவ்விடையை எவ்வாறு பெற்றாய், இது பொருந்துமா என்று எழுதும்படி அம்மாணவியிடம் கூறலாம். மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டியதாக அவள் எழுதுவாள். பிறகு, அரையுடன் மேலும் ஒரு பங்கைச் சேர்த்த பின் கிடைத்த 2/5 அரையைவிடக் குறைவாக இருப்பதைக் காண்பாள். சேர்த்த பின் அளவு எப்படிக் குறையும் என்னும் ஐயம் எழும். அந்த ஐயமே கற்றலின் தொடக்கம். பின்ன எண்களைக் கூட்டுவதற்குச் சம அளவுள்ள பங்குகள் தேவை என்பதை அவள் இப்போது விதியாக அன்றிக் காரணத்துடன் உணர்கிறாள். இரண்டு மாதங்களுக்குப் பின் செய்த சரியான கணக்கும் அதன் அருகில் இடம்பெறுமானால், தான் கடந்து வந்த தொலைவைத் தன் கண்ணாலேயே காண்கிறாள்.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து நல்ல மீள்நோக்கின் இயல்பு விளங்கும். ‘இப்பாடம் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்ற வரியை எந்தப் பாடத்தைப் பற்றியும் எவரும் எழுதலாம். அதில் கற்றல் இல்லை. என்ன செய்தேன், ஏன் அவ்வாறு செய்தேன், எது மாறியது, அடுத்து என்ன செய்வேன் என்னும் நான்கு வினாக்களுக்கும் குறிப்பான விடை இருக்கும்போதே அது மீள்நோக்கு ஆகும். தொடக்கத்தில் மாணவர் வாய்மொழியாகக் கூறினாலே போதும். இளஞ்சிறார்க்கு ஒலிப்பதிவு பெரிதும் துணை செய்யும். தாய்மொழியில் எழுதவும் பேசவும் இடமளித்தல் இன்றியமையாதது. ஏனெனில் தயக்கமின்றிச் சிந்திக்கும் மொழியிலேயே ஒருவர் தம் தவற்றை ஆராய முடியும்.

முந்தைய முயற்சி தந்த பாடம்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டு முறையை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பின்னர் பத்தாம் வகுப்புக்கும் விரிவுபடுத்தியது. ஆண்டில் நான்கு வளரறி மதிப்பீடுகளுக்கு 40 விழுக்காடும், இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகளுக்கு 60 விழுக்காடும் வகுக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் நடைமுறையில் செயல்திட்டங்களின் எண்ணிக்கை பெருகியது. ஆசிரியர்களின் நேரம் படிவங்களை நிரப்புவதில் கழிந்தது. மாணவர் செய்ய வேண்டிய மாதிரிகளைப் பெற்றோர் செய்தனர் அல்லது கடையில் வாங்கினர் என்ற குறை பரவலாக எழுந்தது. 2017-18ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது.

மதிப்பீட்டுக் கருவி மதிப்பெண்ணுக்காக மட்டும் பயன்படும்போது கற்றல் அதிலிருந்து விலகிவிடுகிறது என்பதே இவ்வனுபவம் உணர்த்தும் பாடம். தொகுப்பேட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. தவற்றை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சும் மாணவர் தவற்றை மறைப்பார். அழகான அட்டையையும் பிழையற்ற படியையும் மட்டுமே காட்டுவார். எனவே மதிப்பெண் வழங்க வேண்டிய இடங்களில், முதற்படிக்கும் திருத்திய படிக்கும் இடையே காணப்படும் முன்னேற்றத்திற்கே அது வழங்கப்பட வேண்டும். மாணவர் மனம் திறந்து எழுதும் மீள்நோக்குக் குறிப்புக்கு மதிப்பெண் இடாமல் மறுமொழி மட்டும் தருவதே ஏற்றது.

ஆசிரியர் கல்வியில் தொடக்கம்

தாம் மேற்கொள்ளாத பழக்கத்தை ஆசிரியர் பிறருக்குக் கற்பித்தல் அரிது. இதனாலேயே ஆசிரியர் கல்வியில் மின்தொகுப்பேடு தனிச் சிறப்புப் பெறுகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டுப் படிப்பாயிற்று. பள்ளிக் களப்பயிற்சிக்கு 20 வாரங்கள் வகுக்கப்பட்டன. நூல்களைப் படித்து ஆராய்தல், தன்னை அறிதல் ஆகியனவும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. மருத்துவக் கல்வியிலும் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மாணவர் தம் பயிற்சியைப் பதிவேட்டில் குறிக்கவும், நோயாளியுடன் பழகிய அனுபவங்களைப் பற்றி மீள்நோக்கு எழுதவும் இடமளித்துள்ளது.

பயிற்சி ஆசிரியர் ஒருவர் தம் பாடத்திட்டக் குறிப்பு, வகுப்பில் எடுத்த பத்து நிமிட ஒளிப்பதிவு, மாணவரின் விடைகள் சில ஆகியவற்றை ஒன்றாக வைத்து ஆராயும்போது, தாம் கேட்ட வினாக்களுக்குத் தாமே விடை கூறிவிட்டதையோ, கடைசி வரிசை மாணவரை ஒருமுறையும் அழைக்காததையோ காணக்கூடும். மேற்பார்வையாளரின் குறிப்பைவிட இக்காட்சி ஆழமாகப் பதியும்.

செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

மின்தொகுப்பேடு என்றவுடன் பெரும் பொருட்செலவு தேவைப்படும் என்று எண்ண வேண்டியதில்லை. 2024-25ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த பள்ளித் தகவல் தொகுப்பின்படி நாட்டின் பள்ளிகளில் 64.7 விழுக்காட்டில் கணினி வசதியும், 63.5 விழுக்காட்டில் இணைய வசதியும் உள்ளன. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இவை இன்னும் எட்டவில்லை. இணையத்தைக் கட்டாயமாகக் கொண்ட எந்தத் திட்டமும் அப்பள்ளிகளைப் புறத்தே நிறுத்திவிடும்.

ஆனால் இணையம் இல்லாமலும் இதைத் தொடங்க இயலும். ஐந்து பாடங்களில் பருவத்திற்கு மூன்று பணிகள் வீதம் மூன்று பருவங்களுக்கு ஒரு மாணவருக்கு 45 பணிகள் ஆகும். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்கினால் மொத்தம் 9 மெகாபைட். 35 மாணவர் கொண்ட வகுப்புக்கு 315 மெகாபைட் போதும். ஒரு சாதாரணப் பென் டிரைவில் பல வகுப்புகள் அடங்கும்.

கிடைத்தற்கரியது ஆசிரியரின் நேரமே. 35 மாணவரின் குறிப்புகளைத் தலைக்கு ஐந்து நிமிடம் வீதம் படித்து மறுமொழி எழுத ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். நான்கு வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அது 12 மணி நேரம். பருவத்திற்கு ஒருமுறை என்றால் இது இயலக்கூடியதே. ஆனால் கால அட்டவணையில் அதற்கென இடம் ஒதுக்கப்பட வேண்டும். வேறு படிவங்களின் சுமை அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் கல்வி அலுவலர்களின் கையில் உள்ளவை.

மாணவரின் தனியுரிமையும் கருதத்தக்கது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதோரைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு தேவை என விதித்துள்ளது. எந்தப் பக்கத்தை யார் காணலாம், ஆண்டு முடிவில் எதை அழிக்கலாம் என்பவை முன்கூட்டியே தெளிவாக்கப்பட வேண்டும். ஒரு சிறுவன் எழுதிய பழைய தவறு அவனை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்தல் கூடாது. தொகுப்பேடு மாணவருக்கே உரியது; பள்ளி அதன் காவலர் மட்டுமே.

ஓர் அலுவலர் பள்ளியைப் பார்வையிடும்போது தொகுப்பேடுகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, ஏதேனும் ஒரு மாணவரை அழைத்து அவருடைய தொகுப்பேட்டைத் திறந்து, இதில் நீ முன்பு தவறாக எண்ணி இப்போது மாற்றிக்கொண்டது எது என்று கேட்கலாம். அம்மாணவர் தயங்காமல் ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டி விளக்குவாராயின், அப்பள்ளியில் இத்திட்டம் தன் பயனை அளித்து வருகிறது என்று கொள்ளலாம்.