வலி போனது, பல்லும் போனது

சென்ற தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கைக் கடித்தேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். உடைந்தது முறுக்கு அல்ல, என் கடைவாய்ப் பல்.

வேர்க்குழாய் சிகிச்சை, அதாவது ‘ரூட் கெனல்’ செய்த பல் அது. சிகிச்சை சரியாகத்தான் நடந்தது. வலி இல்லாததை நம்பி இரண்டு முறை ஏமாந்தவன் நான்தான்.

முதலில், சூடான தேநீர் பட்டாலே பல் விண்ணென்று தெறித்தது. இரவில் தூக்கம் இல்லை. அம்மா சொன்னபடி கிராம்பு வைத்தேன். வலி மாத்திரை போட்டேன். ஒரு வாரத்தில் வலி நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்தேன். சில மாதங்களில் கன்னம் வீங்கியது.

எக்ஸ்ரே பார்த்த பல் மருத்துவர் விளக்கினார். பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான திசு இருக்கிறது. சொத்தை அதை எட்டினால் வலிக்கும். திசு செத்துவிட்டால் வலி அடங்கிவிடும்; ஆனால் கிருமிகள் வேர் வழியாக எலும்பை நோக்கி இறங்கும். ஆன்டிபயாட்டிக் வீக்கத்தைத் தணிக்கலாம். செத்த திசுவை அகற்றாது.

நான் பயந்த அளவுக்குச் சிகிச்சை வலிக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, எச்சில் படாமல் ரப்பர் திரை மாட்டி, மெல்லிய கருவிகளால் குழாய்களைச் சுத்தம் செய்தார். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய்தான். கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4 இருக்கும். அதனால் எனக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. குழாய்களை அடைக்கும் ‘கட்டா பெர்ச்சா’ நம் மலாய்த் தீபகற்பக் காட்டு மரத்தின் பால். பெயரும் மலாய்ச் சொல்தான். அதன்பின் சில நாள் பல் கூசுவது இயல்பு. வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் திரும்ப வேண்டும்.

அடுத்து, பல்லுக்கு ‘கிரவுன்’ உறை போடச் சொன்னார். “வலிதான் இல்லையே” என்று செலவுக்கு யோசித்துத் தள்ளிப்போட்டேன். சொத்தையாலும் சிகிச்சைக்குப் போட்ட துளையாலும் பல்லின் சுவர் பலவீனமாகிவிடும். கடைவாயில் கடிக்கும் அழுத்தம் அதிகம். உறை இல்லாவிட்டால் பிளந்துபோகலாம். என் பல் வேர்வரை பிளந்ததால் பிடுங்கவேண்டியதாயிற்று.

சிகிச்சை தொடங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை தடவை வரவேண்டும்? உறையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? பல்லைக் காப்பாற்றும் அளவுக்கு மிச்சம் இருக்கிறதா? சிங்கப்பூரில் நீலம், ஆரஞ்சு நிற சாஸ் அட்டை வைத்திருப்போருக்கு இச்சிகிச்சைக்கு மானியம் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

நான் இப்போது முறுக்கை மறுபக்கத்தில்தான் மெல்கிறேன்.