வழுநீக்கியும் தமிழ் எழுத்தும்: ஒரு காட்சிப் பிழையின் காரணங்களும் திருத்தமும்

கணினிச் செய்நிரலொன்றில் நேரும் பிழையை வழு என வழங்குகின்றோம். முதன்முயற்சியிலேயே வழுவற்ற செய்நிரலை எழுதிவிடக்கூடியவர் எவருமிலர். ஆதலின், இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரலை வேண்டியவிடத்து நிறுத்தி, அவ்வேளையில் அதன் நினைவகத்தில் உள்ள பெறுமானங்களை எடுத்துக்காட்டும் துணைக்கருவியொன்று தேவைப்படுகின்றது. வழுநீக்கி எனப்படுவது அதுவே. பெயர் எவ்வாறிருப்பினும், அக்கருவி எந்த வழுவையும் தானே நீக்குவதில்லை. உள்ளதை உள்ளவாறு உரைக்கும் சாட்சியாகவே அது பயன்படுகின்றது. சாட்சியின் மொழியே விளங்காதவிடத்து விசாரணை எங்ஙனம் நடைபெறும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

எடுத்துக்காட்டாக, றிச்சார்ட் ஸ்டோல்மன் 1986ஆம் ஆண்டில் உருவாக்கியதும் இன்று பரவலாகப் பயன்படுவதுமான ஜீ.டீ.பீ. என்னும் வழுநீக்கியைக் கொள்வோம். செய்நிரலொன்றின் மாறியில் 'தமிழ்' என்னும் சொல் இருக்கின்றது. அதனைக் காட்டுமாறு பணித்தால், சில சூழல்களில் பின்வருமாறு விடை கிடைக்கின்றது:

\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215

ஆங்கிலச் சொல்லாயின் இதே கருவி அதனை எழுத்துப் பிசகாது காட்டும். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1. எழுத்தும் எண்ணும்

கணினியின் நினைவகத்தில் எழுத்துக்கள் இல்லை; எண்களே உள்ளன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறிமுறையாகும். 1963ஆம் ஆண்டில் வெளியாகி, 1967ஆம் ஆண்டில் ஆங்கிலச் சிற்றெழுத்துக்களையும் சேர்த்துத் திருத்தப்பட்ட அஸ்கி என்னும் அமெரிக்கக் குறிமுறையில் மொத்தம் 128 இடங்கள் இருந்தன. அவற்றுள் 32 முதல் 126 வரையான 95 இடங்களே அச்சிடத்தக்கவை. எஞ்சியவை அச்சுப்பொறியையும் தொடர்பாடற் கருவிகளையும் இயக்குவதற்கான கட்டுப்பாட்டுக் குறிகள்.

1991ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு பைற்றில் 255க்கு மேற்பட்ட எண்ணை வைக்கவியலாது. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் முறைகளுள் கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992ஆம் ஆண்டு செப்டெம்பரில் வகுத்த யூ.ரீ.எவ்.-8 முதன்மையானது. அம்முறைப்படி அஸ்கி எழுத்துக்கள் ஒரு பைற்றிலேயே அமைய, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களைக் கொள்கின்றது.

'தமிழ்' என்னும் சொல் எமது இலக்கண மரபின்படி மூன்றெழுத்துடையது. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகும். அவற்றின் எண்கள் முறையே 2980, 2990, 3007, 2996, 3021. யூ.ரீ.எவ்.-8 முறையில் அவை பதினைந்து பைற்றுக்களாகும். முதலெழுத்தாகிய த என்பது 224, 174, 164 என்னும் மூன்று பைற்றுக்கள். இவற்றை எட்டை அடியாகக் கொண்ட எண்களில் எழுதினால் 340, 256, 244 என வரும். எனவே வழுநீக்கி மேலே காட்டிய வரி பொய்யன்று. நினைவகத்தில் உள்ள பைற்றுக்களை அது சரியாகவே எடுத்துரைத்துள்ளது. அவை ஓர் எழுத்தாகும் என்பதை மட்டுமே அது அறியவில்லை.

2. அறியாமையின் காரணங்கள்

இவ்வறியாமை இரு நிலைகளில் ஏற்படுகின்றது. முதலாவது, குறிமுறை பற்றியது. ஆராயப்படும் செய்நிரல் எக்குறிமுறையில் எழுத்துக்களை வைத்துள்ளது, காண்பவரின் முனையம் எக்குறிமுறையை ஏற்கின்றது என்னும் இரண்டையும் ஜீ.டீ.பீ. தனித்தனியே கருதுகின்றது. எவரும் எதுவும் கூறாதவிடத்து, தான் இயங்கும் கணினியின் மொழி, வட்டார அமைவிலிருந்து அவற்றை ஊகித்துக்கொள்கின்றது. அவ்வமைவு வெறுமையாக விடப்பட்டிருப்பின் அஸ்கியே அடிப்படையாகின்றது. அஸ்கியில் 127க்கு மேல் எழுத்தில்லை. ஆதலின் 224 என்பது பொருளற்ற பைற்றாகக் கருதப்பட்டு எண்ணாகவே வெளிவருகின்றது.

இரண்டாவது, அச்சிடத்தக்க தன்மை பற்றியது. பைற்றுக்களை எழுத்தாக மாற்றிய பின்னரும், 'இவ்வெழுத்து அச்சிடத்தக்கதா?' என்னும் சோதனையொன்று உண்டு. இச்சோதனை தேவையற்றதன்று. நினைவகத்திலுள்ள கட்டுப்பாட்டுக் குறியொன்றை அப்படியே முனையத்துக்கு அனுப்பினால் திரையழிந்துபோகலாம்; நிறம் மாறலாம்; காண்பவரை ஏமாற்றும் வரிகளும் தோன்றலாம். ஆயின், அச்சோதனைக்கான விடையும் அதே வட்டார அமைவிலேயே தங்கியுள்ளது. அமைவு வெறுமையாயின், தகரமும் மகரமும் கட்டுப்பாட்டுக் குறிகளோடு ஒருங்கு வைத்தெண்ணப்பட்டு, அச்சிடத்தகாதனவாகத் தள்ளப்படுகின்றன. குறிமுறையை மட்டும் திருத்திய சிலர் பயன்காணாது மயங்குவது இக்காரணம் பற்றியேயாம்.

இவற்றோடு ஒப்புநோக்கத்தக்க வேறொரு பிழையும் உண்டு. யூ.ரீ.எவ்.-8 பைற்றுக்களை மேலைத்தேய இலத்தீன் குறிமுறையாகக் கருதும் கருவிகள், தமிழ்ப் பகுதி முழுவதையும் குறியிட்ட இலத்தீன் எழுத்துக்களாகக் காட்டும். அத்தகைய வரிகளில் வட்டத்துள் எழுத்தமைந்த வணிகப் பதிவுக்குறி திரும்பத் திரும்ப வருவதை வாசகர் பலர் கண்டிருப்பர். தமிழ்க் குறிகளுட் பாதியின் நடுப் பைற்று 174 ஆக இருப்பதும், இலத்தீன் குறிமுறையில் அவ்வெண் அக்குறிக்குரியதாக இருப்பதுமே அதற்குக் காரணம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் நிலை வேறு. அவற்றில் நினைவகத்தில் உள்ளவை ஆங்கில எழுத்துக்களின் எண்களே. தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே உண்டு. ஆகவே வழுநீக்கி ஆங்கில எழுத்துக்களைக் காட்டுமாயின் அதனைக் குறைகூறவியலாது.

3. திருத்தும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து திருத்தத்தின் ஒழுங்கு பெறப்படும். முதலில் நினைவகத்தைப் பைற்றுப் பைற்றாகக் காட்டும் கட்டளையால் உள்ளது யாதென உறுதிசெய்தல் வேண்டும். அங்குள்ள பைற்றுக்களே பிழையாயின் குற்றம் செய்நிரலினுடையது, வழுநீக்கியினுடையதன்று. பைற்றுக்கள் சரியாயின், கணினியின் வட்டார அமைவை யூ.ரீ.எவ்.-8க்கு மாற்றி வழுநீக்கியை மீளத் தொடங்குதல் வேண்டும். அதன்பின்னும் குறைதெரியின் செய்நிரலின் குறிமுறையை வெளிப்படையாகக் குறிப்பிடலாம். இவையனைத்தும் சரியாக இருந்தும் எழுத்துக்கள் சிதைந்து தோன்றுமாயின், எழுத்துக்களைச் சம அகலக் கட்டங்களில் அடுக்கும் முனையத்தையே ஐயுறல் வேண்டும்.

கருவியை ஆக்குவோர் செய்யவேண்டியன வேறு. 2009ஆம் ஆண்டில் வெளியான ஜீ.டீ.பீ. ஏழாம் பதிப்பு, பல பைற்றுக்களாலான எழுத்துக்களையும் அகன்ற எழுத்துக்களையும் கையாளும் வசதியைத் தந்தது. அது அடிப்படையான முன்னேற்றமாகும். எனினும் பொதுவாக எவ்வழுநீக்கிக்கும் பொருந்தும் விதிகள் மூன்றினை நாம் வலியுறுத்தலாம். பைற்றுக்களை முதலில் எழுத்தாக்கிய பின்னரே அச்சிடத்தக்கதா என வினவுதல் வேண்டும். எழுத்தாக மாற்றவியலாத பைற்றுக்களையும் கட்டுப்பாட்டுக் குறிகளையும் மட்டுமே எண்ணாகக் காட்டுதல் வேண்டும். நீண்ட வரியைத் துண்டிக்கும்போது எழுத்தின் எல்லையிலேயே துண்டித்தல் வேண்டும்.

மூன்றாவது விதி சிறிதெனத் தோன்றலாம். ஜீ.டீ.பீ. நீண்ட வரிகளில் இயல்பாக 200 உறுப்புக்களையே காட்டும். இவ்வெல்லையைப் பைற்றுக் கணக்கிற் கொண்டால், ஆங்கிலத்தில் 200 எழுத்துக்கள் தெரியும். தமிழிலோ 66 குறிகளே தெரியும். எஞ்சும் இரு பைற்றுக்கள் அறுபட்ட குறியின் துண்டுகளாய் நின்று, இல்லாத வழுவொன்று இருப்பதுபோன்ற மயக்கத்தைத் தரும்.

4. தெளிவான காட்சியின் குறை

எண்களை நீக்கி எழுத்தைக் காட்டிவிட்டால் சிக்கல் முற்றுப்பெற்றதெனக் கொள்வது தவறாகும். 'கொழும்பு' என்னும் சொல்லை நோக்குக. அதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் 3018 என்னும் ஒரே எண்ணாலும் எழுதலாம். 3014, 3006 என்னும் இரு எண்களை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று நிகரானவை என்பது ஒருங்குறியின் விதி. திரையிலும் வேறுபாடு தெரியாது. நினைவகத்திலோ முன்னது 24 பைற்றுக்கள், பின்னது 27 பைற்றுக்கள். இரு வடிவங்களையும் ஒருமைப்படுத்தாது ஒப்பிடும் செய்நிரல், பதிவேட்டில் உள்ள ஊரை இல்லையென்றே கூறும்.

இவ்வழுவைத் தேடுபவருக்கு அழகாக எழுத்தைக் காட்டும் வழுநீக்கி உதவாது. இரண்டு மாறிகளிலும் 'கொழும்பு' என்றே அது காட்டும். நாம் முற்பகுதியிற் குறையாகக் கண்ட எண்வரிசையே இங்கு உண்மையை வெளிப்படுத்துகின்றது. ஆகவே எழுத்தையும் பைற்றையும் வேண்டியவாறு மாற்றிமாற்றிக் காணும் வாய்ப்பே முறையான திருத்தமாகும்.

5. முடிவாக

அச்சிடத்தக்கது எது என்னும் வரையறை இயற்கையில் அமைந்ததன்று. குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்டதொரு நாட்டின் தொடர்பாடற் தேவைக்காக வகுக்கப்பட்ட 95 குறிகள், பின்வந்த கருவிகளின் இயல்புநிலையாக நிலைத்துவிட்டன. இதில் எவருடைய தீய நோக்கத்தையும் நாம் தேடவேண்டியதில்லை. ஆயின் அதன் விளைவு கருதத்தக்கது. தமிழ்த் தரவு வழுநீக்கியில் எண்குவியலாகத் தோன்றுமிடத்து, செய்நிரல் எழுதுவோர் இலகு கருதி ஆங்கிலச் சொற்களைக் கொண்டே தமது செய்நிரலைச் சோதிக்க முற்படுவர். ஆங்கிலச் சொற்களில் ஒகரக் குறியின் இரு வடிவங்களும் இல்லை. அறுபடும் பைற்றுக்களும் இல்லை. சோதனையில் வெளிப்படாத அவ்வழுக்கள், பெயர்ப் பதிவிலும் நூலகப் பட்டியலிலும் தமது பெயரையோ ஊரையோ தேடும் மக்களிடமே சென்று வெளிப்படும்.

இவ்வழுநீக்கியின் மூலச் செய்நிரல் எவரும் வாசித்துத் திருத்தத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. ஆகவே, எமது எழுத்தைக் கையாளும் பொறுப்பை எங்கோ உள்ளவரிடம் முற்றாக விட்டுவிட வேண்டியதில்லை. கணினி கற்கும் எமது மாணவர் தமது முதற் செய்நிரலையே தமிழ்த் தரவுகொண்டு சோதிக்கப் பழகுவராயின், இத்தகைய குறைகள் விரைவில் புலப்படும். புலப்பட்டவை திருத்தப்படவும் வழி பிறக்கும்.